தேநீருக்குப் பின் சைலிட்டால் சுவிங்கம்

மொன்றியல் குளிருக்குச் சீனி போட்ட தேநீர் ஓயாமல் கேட்கும். நகரின் பெரும்பகுதிக் குழாய்நீரில் ஃபுளோரைடும் சேர்க்கப்படுவதில்லை. பல்லை நாம்தான் காக்க வேண்டும்.

1. சாப்பிட்டதும், தேநீர் குடித்ததும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சுவிங்கத்தை 5 நிமிடமாவது மெல்லுங்கள். சொத்தைக் கிருமிகளால் சைலிட்டாலை அமிலமாக்க முடியாது. மெல்லும்போது ஊறும் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும், அரிக்கப்படத் தொடங்கிய எனாமலைத் திரும்ப இறுக வைக்கும். மொன்றியல் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1990இல் வெளியான இரண்டாண்டு ஆய்வில், இதை மென்றவர்களுக்குச் சொத்தை குறைவாகவே பரவியது.

2. பொருட்பட்டியலில் சைலிட்டால் முதலாவதாக இருப்பதை வாங்குங்கள். அதிகமாகச் சேர்ந்த பொருளே முதலில் வரும். ‘சீனியற்றது’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

3. நாளுக்கு 3 முறையாவது பிரித்து மெல்லுங்கள். ஒரேயடியாக மென்றால் வயிறு உப்பும், பேதியாகும்.

4. ஃபுளோரைடு பற்பசையால் இருவேளை துலக்குவதை விடவே விடாதீர்கள். சைலிட்டால் அதற்குத் துணை மட்டுமே.

5. குழி விழுந்துவிட்டால் பல் வைத்தியரிடம் போங்கள்; எந்தச் சுவிங்கமும் குழியை அடைக்காது. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் அடைப்பும் கியூபெக் மருத்துவக் காப்பீட்டில் இலவசம். தள்ளிப்போடாதீர்கள்.

6. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சுவிங்கம் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

7. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிதளவு சைலிட்டாலே அதன் இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி உயிரைப் பறிக்கும். தின்றுவிட்டால் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.