பேர்கெட்ட நாய்க்கு வீடு பார்க்கும் பிள்ளைகளுக்கு

அவிசாவளை–இரத்தினபுரி வீதியிலும் யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் மலைகளிலும் ராவோடு ராவாக வேனை நிறுத்தி நாயை இறக்கிவிட்டுப் போவது பழைய வழக்கம். முன்பு இறக்கியதெல்லாம் பெட்டைக் குட்டிகளை. 2022 பொருளாதார நெருக்கடியில் நாய்த்தீனியும் மருந்தும் எட்டாத விலைக்கு ஏறிய பிறகு, ஆசைக்கு வாங்கி வளர்த்த பெரிய சாதி நாய்களும் அப்படியே வந்து சேர்கின்றன: றொட்வைலர், டொபர்மன், அல்சேஷன், பிட்புல் என்று ஊர் சொல்லும் கலப்புகள். சாதாரண நாய் வந்து நின்றால் யாராவது ஒரு பிடி சோறு வைப்பார்கள். இவற்றைக் கண்டால் ஒருவர் கல்லெடுக்கிறார், இன்னொருவர் விலை கேட்கிறார்.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இந்த நாய்களுக்கு வீடு பார்க்கும் வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்ந்தவன், நாய்களோடு கிடந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. பேரை நீங்கள் சூட்டாதீர்கள்.

தலை பெரிது, மார்பு அகலம், முடி குட்டை என்றால் ஊருக்கு அது பிட்புல். பார்வையிலேயே சாதி சொல்வது தொழில்காரருக்கே பிசகுகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் நாய்க் காப்பக ஊழியர்களிடம் 120 நாய்களைக் காட்டிக் கேட்ட ஆய்வொன்று 2015இல் வெளியானது. அவர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனை சொன்னது 25 என்று. இலங்கைக்குள் பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவற்றைக் கொண்டுவர இறக்குமதி விதியிலேயே தடை உண்டு. உங்கள் கையில் இருப்பது பலவேளை கலப்பாகத்தான் இருக்கும். நிச்சயம் தெரியாதபோது ‘பெரிய கலப்பு நாய்’ என்று சொன்னால் போதும். றொட்வைலர் என்று தெரிந்தால் றொட்வைலர் என்றே சொல்லுங்கள். வாங்குகிறவரிடம் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

2. லயத்தின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள்.

பெரிய நாயைக் கண்டால் நம் ஆட்கள் ஒதுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. துரை பங்களா நாய்க்குப் பயந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். அந்த நாய்கள் யாரைக் கண்டு குரைக்கப் பழக்கப்பட்டன என்பது பாட்டிமாருக்குத் தெரியும். அதற்குமேல் செய்திகள் வேறு. 2022 ஜூலையில் லக்னோவில் வீட்டுப் பிட்புல் கடித்து 82 வயது அம்மா ஒருவர் இறந்தார். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு றொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிது. இதை மறுத்துப் பேசினால் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே நாயைக் கூட்டி வருவதற்கு முன்பே லயத்தில் பேசுங்கள். தோட்டத் தலைவரிடமும், பிள்ளைக்காம்பரா ஆயம்மாவிடமும் தனியாகச் சொல்லுங்கள். “கடிக்கவே கடிக்காது” என்று சத்தியம் பண்ண வேண்டாம். எங்கே கட்டியிருக்கும், எந்த நேரத்தில் நடத்திக்கொண்டு போவோம், ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் சொல்லுங்கள். அதற்கே பாதிப் பயம் அடங்கிவிடும்.

3. கைவிட்ட நாயா, காணாமற்போன நாயா என்று பாருங்கள்.

சித்திரை வருடப்பிறப்பு வெடிக்கும் தீபாவளி வெடிக்கும் பயந்து மைல்கணக்கில் ஓடிவரும் நாய்கள் உண்டு. பொலிஸில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மிருக வைத்தியரிடம் காட்டி மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரிகள் வீட்டுக் காவலுக்கு இப்படி நாய்கள் வளர்ப்பதுண்டு. அந்தப் பக்கத்திலும் விசாரியுங்கள். ‘என் நாய்’ என்று யாராவது வந்தால் பழைய படமும் தடுப்பூசி அட்டையும் கேளுங்கள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நாய் முன்னுக்கு வருகிறதா, பின்னுக்குப் போகிறதா என்பதும் ஒரு சாட்சி.

4. கடி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போடத் தொடங்கியபின் அந்தத் தொகை பத்திலொன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் நோய் அற்றுப்போகவில்லை. புதிதாக வந்த நாயை இரண்டு கிழமைக்குத் தனியே வையுங்கள். பிள்ளைகளும் மற்ற நாய்களும் கிட்டப் போகக்கூடாது. சாப்பாடு வைக்க ஒரே ஆள் போகட்டும். கடித்தாலோ கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் வைக்காதீர்கள். நாயைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கடியை மறைக்கிறவன் ஒருநாள் ஒரு மனித உயிருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

5. உடம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

நாய் உங்களைத் தொடவிட்டபின் முதலில் கழுத்தைப் பாருங்கள். குட்டியில் கட்டிய பட்டையைத் தளர்த்தாமல் விட்டிருந்தால், வளர வளர அது தோலுக்குள் இறங்கிவிடும். மேலே முடி மூடியிருக்கும். விரலில் படும் ஈரமும் நாற்றமும்தான் காட்டிக்கொடுக்கும். அதை நீங்கள் வெட்டி இழுக்காதீர்கள், வைத்தியர் எடுக்கட்டும்.

ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் கசிந்து, ஓயாமல் தும்மினால், ஓடைத் தண்ணீர் குடித்தபோது உள்ளே அட்டை ஏறியிருக்கலாம். ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகே வைத்தால் சிலவேளை அது கறுப்பாக நுனியை நீட்டும். பிடித்து அறுத்துவிடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈறு வெளுத்து, சாப்பாட்டில் மனமில்லாமல் படுத்துக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; அதற்கு நாள் கடத்தக்கூடாது. சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கும், தோலும் அதை உறிஞ்சும், அது நஞ்சு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பெரிய சத்திரசிகிச்சை என்றால் கேகாலைப் பக்கத்தாருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை தூரமில்லை.

6. லயத்து இஸ்தோப்பில் கட்டாதீர்கள்.

ஒரே கூரையின் கீழ் எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள் ஓடித்திரிகிற இடம் லயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே கட்டிய பெரிய நாய்க்கு ஓய்வே கிடையாது. எந்நேரமும் யாராவது உரசிக்கொண்டு போவார்கள். கோடிப்பக்கம் ஒதுக்கான இடத்தில், மழை ஒழுகாத கூரையும் படுக்கச் சாக்கும் இருக்க வேண்டும். கழுத்தைக் கனத்த சங்கிலி இழுத்துக்கொண்டே இருந்தால் நல்ல நாயும் முரடாகும். காலையும் மாலையும் வாய்க்கூடு போட்டு நடத்துங்கள். வாய்க்கூட்டைக் கண்டதும் ஊர் பயப்படும் என்று விடாதீர்கள். உங்கள் பொறுப்பை ஊர் பார்ப்பது அதில்தான்.

7. சுபாவத்தை நம் மலையில் வைத்தே பாருங்கள்.

டவுன் வீட்டில் வளர்ந்த நாய் இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை தொங்க ஒரு ஆளைக் கண்டிருக்காது. விடிய முன்னம் தலையில் லைட்டும் கையில் கத்தியுமாக றப்பர் மரத்துக்குப் போகிறவரையும் கண்டிருக்காது. அது குரைப்பது வெறியால் என்று முடிவு கட்டாதீர்கள். கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் வரும் நேரத்தில், பாதைக்கு மேலே தள்ளி, வாய்க்கூட்டோடு பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குரைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற நாய் பழகும். சத்தமே போடாமல், உடம்பு விறைத்து, ஒரு பிள்ளையையே கண் எடுக்காமல் பார்த்து நிற்கிற நாய்க்குத்தான் கவனம் தேவை.

வாலை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். றொட்வைலருக்கும் டொபர்மனுக்கும் குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுகிறார்கள். சந்தோஷத்தை ஆட்டிக் காட்ட அதற்கு வால் இல்லை. பின்பக்கம் முழுதும் அசைகிறதா, காது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் கூப்பிட்டு வராவிட்டால் சிங்களத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், இங்கிலீஷிலும் பாருங்கள்.

சண்டைக்கு வளர்த்தவை என்றால் திருந்தாது என்பார்கள். 2007இல் அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் இடத்திலிருந்து சண்டைப் பிட்புல்கள் ஏறத்தாழ ஐம்பது பிடிபட்டன. எல்லாவற்றையும் கொன்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. நீதிமன்றம் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வைத்தது. பெரும்பாலானவை பிழைத்தன, 22 நாய்கள் யூட்டா மாநிலத்துச் சரணாலயத்துக்குப் போயின, பல நாய்கள் வீடுகளுக்கே போயின. சில நாய்கள் எந்த வீட்டுக்கும் தகுதிப்படவில்லை என்பதும் அதே கதையில் இருக்கிறது.

8. கருத்தடை செய்யாமல் கை மாற்றாதீர்கள்.

சாதி நாயைக் கண்டால் சிலருக்குக் குட்டியின் விலைதான் கண்ணில் தெரியும். பெட்டை என்றால் நாலாம் நாளே போன் வரும். பேருக்குப் பயந்து கல்லெறிகிறவனும் பேருக்கு ஆசைப்பட்டு வருகிறவனும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: இருவரும் முன்னால் நிற்கிற நாயைப் பார்ப்பதில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை முடித்துவிட்டேன் என்று சொன்னதும் கேட்டு வந்தவர்களில் கொஞ்சப் பேர் காணாமற்போவார்கள். அவர்கள் போகட்டும்.

9. கேட்டு வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

“எவ்வளவு கடிக்கும்?” என்று கேட்கிறவர் மாணிக்கக் குழிக்கோ காணிக்கோ ஒரு ஆயுதம் தேடுகிறார். “பன்றிக்குப் போகுமா?” என்றால் வேட்டை, கம்பிச் சுருக்கும் பன்றிக் கொம்பும்தான் அந்த நாயின் எதிர்காலம். “எந்த நாயோடு விட்டாலும் ஜெயிக்குமா?” என்பவரைக் கேட்டோடு அனுப்பிவிடுங்கள். “என்ன சாப்பிடும்? பிள்ளைகளோடு எப்படி? ராவில் எங்கே படுக்கும்?” என்று கேட்கிறவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். காவலுக்கு நாய் தேடுவது குற்றமில்லை. பகலிலும் அதற்கு ஒரு ஆள் பேச்சுக்கொடுக்கும் வீடாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

10. பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பதுபோல் விசாரியுங்கள்.

அறிவித்தலை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். வேலி போட்ட தோட்டமும் இடமும் உள்ள வீடுகள் பெரும்பாலும் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் தோட்ட உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸிலும்தான் இருக்கின்றன. பல்லைக் காட்டும் படம் போடாதீர்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் படம் போடுங்கள். குறைகளையும் எழுதுங்கள்: கோழியைத் துரத்தும், இடிச் சத்தத்துக்கு ஒளிக்கும், மற்ற ஆண் நாயோடு சேராது. பிறகு நேரில் போய்ப் பாருங்கள். வேலியில் ஓட்டை உண்டா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் பாதை எந்தப் பக்கம், வீட்டுக்காரம்மாவுக்கு உண்மையிலேயே விருப்பமா? புருஷன் ஆசைப்பட்டு மனைவி முகம் சுளிக்கும் வீட்டிலிருந்து நாய் திரும்பி வரும். காட்டோரத்து வீடென்றால் இரவில் உள்ளே அடைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை.

11. காகிதம் எழுதாமல் கொடுக்காதீர்கள்.

ஒப்படைத்த திகதி, இரு தரப்பு அடையாள அட்டை இலக்கம், ஊசி போட்ட திகதி, கருத்தடை விவரம், ‘வளர்க்க முடியாவிட்டால் திருப்பித் தருவேன், வேறு கைக்கு மாற்ற மாட்டேன்’ என்ற வரி, இரண்டு கையொப்பம். இவ்வளவும் போதும். நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. புதிய வீட்டுக்காரர் பேரில் பிரதேச சபையில் பதிவைக் கேளுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இல் வந்தது. அதன் தண்டப்பணம் இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. தெருநாயைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை. ஆனால் கொல்லாமல் விட்ட நாயை வைத்துப் பார்க்கும் வேலை உங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

தடை போட்டால் தீரும் என்பவர்களுக்கு இந்தியாவைக் காட்டுங்கள். காசியாபாத் மாநகராட்சி 2022 அக்டோபரில் பிட்புல், றொட்வைலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றையும் தடைசெய்தது. 2024 மார்ச் 12இல் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதைத் தள்ளியது. பயம் பரவிய இடங்களில் வளர்த்தவர்களே நாயைத் தெருவில் விட்டதும் நடந்தது.

12. ஒரு நாய் கரைசேர்ந்த பிறகு அடுத்த நாயைத் தொடுங்கள்.

இரக்கப்பட்டு ஐந்தாறு பெரிய நாய்களைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றுக்கும் வீடு கிடைக்காது, லயமும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கொடுத்த முதல் மாதம் கிழமைக்கொரு போன் எடுங்கள், ஒருமுறையாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். எவ்வளவு பாடுபட்டும் ஆளைக் கடிக்கிற குணம் மாறாத நாய் இருக்கும். அதன் முடிவை நீங்கள் தனியே எடுக்காதீர்கள். மிருக வைத்தியரோடு பேசி எடுங்கள், எடுத்தபின் வெட்கப்படாதீர்கள். நல்ல வீட்டுக்குப் போன ஒரு றொட்வைலர், வேலிக்குள் அமைதியாக நாலு மாதம் இருந்தால் போதும். அடுத்த நாய்க்காக நீங்கள் ஊரில் பேச வேண்டியதில் பாதியை அந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரரே பேசிவிடுவார்.