புதுத் தகப்பனின் பணமும் பொழுதும்



பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டு காரியங்கள் மாறிப்போகின்றன. ஒன்று பணம்; மற்றொன்று பொழுது. பணம் போதவில்லை என்று எல்லாரும் பேசிக்கொள்ளுகிறார்கள். பொழுது யாருக்குப் போதவில்லை என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. இவ்வாரம் இரண்டையும் சேர்த்தே யோசிப்போம்.

முதலாவது: பேறுகாலத்து மாதங்கள். நம் வழக்கப்படி முதற் பிரசவம் பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டில் நடக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போகிறவள், பிள்ளைக்கு மூன்று மாதமான பின் திரும்புகிறாள். அதுவரை ஆஸ்பத்திரி, மருந்து, பத்தியச் சாப்பாடு எல்லாம் மாமனார் தலையில் விழுகின்றன. மருமகனோ மறுபடியும் கலியாணமாகாத பிள்ளையாகி விடுகிறான். சாயந்தரம் கேரம், ஞாயிறு கிரிக்கெட், இரவெல்லாம் கைப்பேசி விளையாட்டு, கேட்பாரில்லை. பின்பு மனைவியும் பிள்ளையும் வந்து சேரும்போது கையில் பணமுமில்லை, வீடு தங்கும் பழக்கமுமில்லை. ஆதலால் அம்மாதங்களில் வீட்டுச் செலவில் மிச்சமாவதை மாமனார் கையில் கொடுங்கள். பிள்ளை உங்கள் பிள்ளை. வழக்கத்தைக் காட்டிக் கடமையை மாமனாரிடம் தள்ளலாகாது.

இரண்டாவது: வேண்டிய செலவும் வேண்டாத செலவும். முதல் 6 மாதம் சிசுவுக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. டப்பாப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதையே 1992-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. வைத்தியர் சொன்னாலொழிய அதை வாங்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு முட்டையும் மீனும் கீரையும் பருப்பும் வேண்டும். இதில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். அவள் கூலிவேலைக்குப் போனவளானால் அந்த வரும்படியும் நின்றுபோயிருக்கும். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

ஞானஸ்நானத்துக்குப் பந்தலும் பிரியாணியும் வேண்டுமென்று மனைவியின் நகையை அடகு வைப்பவர்கள் உண்டு. மோயீசன் கட்டளைப்படி, ஆட்டுக்குட்டி செலுத்த வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம். அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் சேசு பாலனைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது செலுத்தியது இந்த ஏழைகளின் காணிக்கையே. ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் பட்டதாகச் சுவிசேஷத்தில் இல்லை.

மூன்றாவது: பொழுதுபோக்கு. எடுத்துக்காட்டாக, மாதம் 18,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். சிநேகிதரோடு டீ, பலகாரம் நாளொன்றுக்கு 60 ரூபாய், மாதம் 1,800. ஞாயிறு விளையாட்டும் அதன்பின் சாப்பாடும் 400 வீதம் நாலு வாரத்துக்கு 1,600. சினிமாவுக்கு 600. ஆக 4,000 ரூபாய், வருஷத்துக்கு 48,000. இதில் பாதியைக் குறைத்தாலும் வருஷம் 24,000 ரூபாய் பிள்ளைக்கு நிற்கும்.

அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, அந்த எரிச்சலை வீட்டில் காட்டும் தகப்பனால் யாருக்கும் பிரயோசனமில்லை. மாதம் நாலு ஆட்டம் இரண்டாகட்டும். அதையும் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

“சுவாமி, நாளெல்லாம் உழைக்கிறவன் நான், எனக்கு ஓய்வு வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை, இராப்பகல் பாராமல் பால் குடிக்கும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? முன்பு அவளும் பூவேலை தைத்திருப்பாள், பாட்டுக்குழுவில் பாடியிருப்பாள், சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாள். அவை நின்றுபோனதை எந்த வீட்டிலும் யாரும் நஷ்டமாக எழுதுவதில்லை. ஆகையால் ஒரு பிரமாணம் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மூன்று மணி நேரம் வெளியே எடுத்தால், அவளுக்கும் மூன்று மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்நேரம் பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும். துணி மாற்றவும், ஏப்பம் விடச் செய்யவும், தாலாட்டவும் தகப்பன் கைக்கும் தெரியும். பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் ஆகாதது.

நான்காவது: மிச்சம் பிடித்தது மறுபடி கரையாதபடி, சம்பள நாளிலேயே தபால் ஆபீசில் கட்டிவிடுங்கள். பெண்பிள்ளைக்கு 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் உண்டு. பிள்ளைக்கு 10 வயது ஆகுமுன் தொடங்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய். 15 வருஷம் கட்டினால், கணக்குத் தொடங்கி 21 வருஷத்தில் முதிர்வடையும். ஆண்பிள்ளைக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து 5 வருஷம் கட்டும் தொடர் வைப்பு இருக்கிறது.

இன்றிரவு பிள்ளை உறங்கியபின் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து இருவருமாய் உட்காருங்கள். ஒரு பக்கத்தில் பணத்தின் வரவு செலவை எழுதுங்கள். மறு பக்கத்தில், போன வாரம் உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைத்தது, அவளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அவள் பக்கத்தை அவளே எழுதட்டும். நீங்கள் திருத்த வேண்டாம்.