வெற்றிலை காய்கறியா?

அன்புத் தம்பிக்கு,

நேற்று வாதத்துக்கு நடுவே நீ அகராதியைப் பிரித்துப் படித்தாய். "சட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று நீதிபதி கேட்டதும் உன் முகம் வாடியதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அகோலாவில் வெற்றிலை வியாபாரம் செய்த ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மத்திய மாகாண–பேரார் விற்பனை வரிச் சட்டம், 1947இல் காய்கறிக்கு வரிவிலக்கு இருந்தது. அகராதிப்படி வெற்றிலையும் அதில் அடங்கும் என்பது அவர் கட்சி. 1961இல் தோற்றார். தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவதைத்தான் ஜனங்கள் காய்கறி என்கிறார்கள் என்றது நீதிமன்றம். நம் கோர்ட் வாசலில் வெற்றிலைக் கவுளியை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கும் அம்மாவைப் பார்த்திருப்பாய். பக்கத்தில் பாக்கும் சுண்ணாம்பும் இருக்கும், கத்தரிக்காய் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அந்த விலக்குப் பட்டியலில் முதலில் காய்கறி தனியாகவும் வெற்றிலை தனியாகவும் இருந்தன. 1948இல் வெற்றிலையை மட்டும் நீக்கினார்கள். காய்கறிக்குள் வெற்றிலை அடங்குமென்றால் அதைத் தனியாக ஏன் எழுதியிருப்பார்கள்? திருத்தத்துக்கு முந்தைய அட்டவணையைத் தேடி எடுத்தவருக்குத்தான் இந்தக் கேள்வியே எழும்.

1967இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் நிலக்கரியைக் குறிக்கும் 'கோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் மரக்கரியும் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. நிலவியல் படித்தவர் ஒப்பமாட்டார். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் அங்கேயும் பார்த்தார்கள்.

சட்டமே பொருள் சொல்லியிருந்தால் சந்தைப் பேச்சு எடுபடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜூனியராக இருந்தபோது, அதிகாரமில்லாத கோர்ட்டில் வழக்கு நடத்திக் கழிந்த நாட்களைக் காலக்கெடுவில் கழித்துத் தரக் கேட்டேன். "நல்லெண்ணத்தோடுதான் போட்டோம், கவனம் தவறியது உண்மை, நேர்மை தவறவில்லை" என்றேன். சட்டங்களுக்குப் பொதுவாகச் சொற்பொருள் தரும் ஜெனரல் கிளாசஸ் சட்டத்துக்கு அது போதும். 1963ஆம் வருட லிமிடேஷன் சட்டமோ, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணமே ஆகாது என்று 2ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. கட்சிக்காரர் நிலத்தை இழந்தார். படியிறங்கும்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை வாய்தாவுக்கு முன் உன் சட்டத்தின் வரையறைப் பிரிவை எடுத்துப் பார். 'மீன்ஸ்' என்றிருந்தால் சொன்னதோடு சரி. 'இன்க்ளூட்ஸ்' என்றிருந்தால் வழக்கமான பொருளும் கூடவே நிற்கும். 'சூழல் வேறுவிதமாகத் தேவைப்படுத்தினாலன்றி' என்ற முகப்பு வாசகத்தையும் விட்டுவிடாதே. ஞாயிறு மாலை வீட்டுக்கு வா, பழைய அட்டவணையைச் சேர்ந்து தேடுவோம்.

உன் அண்ணன்