தேமலெனத் தோன்றும் புற்றுநோய்

“புற்று என்றால் கட்டியாகத் திரளும், கட்டியில்லாத இடத்தில் புற்றுக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டியே வெளிப்படுகிறது என்பது மெய்யே; ஆயினும், டி லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் சருமத்தையே வாசஸ்தலமாகக் கொண்டு பெருகுகிற மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற வகை, நெறிகட்டாமலும் வலிக்காமலும், மெல்லிய செதில் படர்ந்த படையாக வருஷக்கணக்கில் உடலில் இருந்துவிடுகிறது. 1806-இல் பிரெஞ்சு வைத்தியர் அலிபேர் வர்ணித்த காளான் போன்ற கட்டிகள் அந்நோய் முற்றிய அவஸ்தையைச் சேர்ந்தவை. ஆரம்பத்தில் அவற்றின் சாயல்கூட இராது.

நம்மைப் போன்ற கருநிறச் சருமத்தினரிடம், விசேஷமாகச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், இது சிவக்காமல் வெளிறிய திட்டுகளாகவே தோன்றுவதுண்டு. தேமலென்று வீட்டார் அசட்டையாக இருந்துவிட, தொழுநோயோ வெண்புள்ளியோ என்று அயலார் அஞ்சி ஒதுங்க, காலம் கழிந்துபோகிறது. தேமலாயின் செதிலைச் சுரண்டி நுண்காட்டியில் வைத்தால் பூஞ்சை தென்படும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் தொடுவுணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியில் நிறம் அறவே நீங்கிப் பால்வெள்ளையாகும். இம்மூன்றுக்கும் பொருந்தாமல், எந்தக் களிம்புக்கும் நிரந்தரமாக மசியாமல், பிருஷ்டம், தொடை, மார்பு ஆகிய வெயில் படாத இடங்களில் நிலைத்திருக்கும் திட்டே சந்தேகத்துக்குரியது. சட்டைக் கையை மட்டும் மடக்கிப் பார்த்து மருந்தெழுதும் அவசரம் இங்கே பெருந்தீங்கு; முழு உடலையும் பார்ப்பது வைத்தியரின் கடமை என்பேன்.

திட்டே தோன்றாமலும் சருமம் எச்சரிப்பதுண்டு. தடிப்பே இல்லாத ஓயாத அரிப்பு, இரவில் வேர்த்துக் கொட்டுதலோடும் உடல் மெலிவோடும் சேர்ந்து வருமாயின், அது ஹாட்ஜ்கின் லிம்போமா எனும் வேறொரு நிணநீர்ப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

“கத்தி பட்டால் புற்று பரவிவிடும்” என்ற பயம் எல்லாவற்றிலும் கொடியது. சருமத்தில் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பதால் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் பரவுவதில்லை. அதைத் தவிர்ப்பதால்தான் நோய் மறைந்திருக்கிறது. ஒருமுறை சோதித்து ஒன்றுமில்லை என்று வந்துவிட்டாலும் விஷயம் முடிந்துவிடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பு நோயின் அடையாளங்களை மறைத்துவிடக்கூடும் என்பதால், வைத்தியர் சொற்படி சில வாரங்கள் அதை நிறுத்தி, வெவ்வேறு திட்டுகளிலிருந்து மறுபடியும் துணுக்கெடுக்க நேரலாம். இவ்வாறு தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டோரில் பலர், புறஊதாக் கதிர்ச் சிகிச்சையாலும் பூச்சு மருந்துகளாலும் நோய் அடங்கப்பெற்று, ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கின்றனர்.