விண்ணிலிருந்து நம்ம ஏரியைப் பார்ப்போம்: ரிமோட் சென்சிங் ஓர் அறிமுகம்

நண்பர் ஒருவர் லேஅவுட் நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தாம்பரத்துக்கு மேற்கே அரை மணி தூரத்தில் ஒரு கிரவுண்டு மனை. நோட்டீஸில் பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், நல்ல குடிநீர் எல்லாம் இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "2015-ல இங்க தண்ணி நின்னுச்சான்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்ல முடியுமா சார்?"

ஓரளவுக்கு முடியும். எந்த அளவுக்கு, எங்கே முடியாது என்பதைப் புரிந்துகொள்ள ரிமோட் சென்சிங் என்னும் தொலையுணர்வு பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மவுஸைத் தொடுவதற்கு முன் அந்தப் பாடத்தைப் பார்த்துவிடுவோம்.

எது ரிமோட் சென்சிங் சாட்டிலைட்?

டிவி செய்தியில் மேகம் நகர்வதைக் காட்டுகிறார்களே, அது வேறு ரகம். அந்த இன்சாட் வகை செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றி, எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்பவை. ரிமோட் சென்சிங் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 500 முதல் 900 கி.மீ. உயரத்தில் வடக்கு தெற்காக, துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடம். கீழே பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த பட்டையைப் பார்க்க முடிகிறது. வாழைக்காயைச் சுழற்றிக்கொண்டே தோல் சீவுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் பல, ஓர் ஊருக்கு மேலே எப்போது வந்தாலும் அந்த ஊர் நேரப்படி காலை பத்து, பத்தரை வாக்கில்தான் வரும்படி அனுப்பப்படுகின்றன. நிழல் ஒரே மாதிரி விழுந்தால்தான் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் ஒப்பிட முடியும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "கூகுள் எர்த்தில் என் வீட்டை லைவாகப் பார்க்க முடியுமா?" என்று கேட்காத ஆளே இல்லை. முடியாது. அதில் நாம் பார்ப்பது எப்போதோ எடுத்து, ஒட்டிவைத்த படங்கள். மாடியில் காயும் உங்கள் புடவை போன வருடத்துப் புடவையாக இருக்கலாம்.

பிக்சலும் கிரவுண்டும்

ஒரு செயற்கைக்கோளின் பார்வைத் திறனை மீட்டரில் சொல்வார்கள். 10 மீட்டர் என்றால் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 10-க்கு 10 மீட்டர் சதுரம். நமக்குப் பழகிய கணக்கில் இதைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர்.

1988 மார்ச் 17-ல் பைக்கானூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ-வில் லிஸ்-1 கேமராவின் திறன் 72.5 மீட்டர். ஒரு பிக்சலுக்குள் 23 கிரவுண்டுக்கு மேல் அடங்கிவிடும். ஒரு தெருவே ஒரு புள்ளிதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர், கிட்டத்தட்ட நான்கு கிரவுண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 10 மீட்டர் என்பதால் ஒரு கிரவுண்டுக்கு இரண்டு பிக்சல் சொச்சம் கிடைக்கும். 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1 2.5 மீட்டர். ஒரே மனையில் சுமார் 36 பிக்சல்.

அப்படியானால் கார்ட்டோசாட் மட்டும் போதாதா? போதாது. கூர்மையாகப் பார்ப்பவை குறுகலான பட்டையைத்தான் படமெடுக்கும், அதே இடத்துக்கு அடிக்கடி வராது. சென்டினல்-2 ஒரே மூச்சில் 290 கி.மீ. அகலம் எடுக்கிறது. அந்த ரகத்தில் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன. ஏரி நிரம்புவதையும் வற்றுவதையும் பார்க்க இதுதான் வசதி.

மரம் ஏன் சிவப்பு?

முதல்முறை பார்ப்பவர்கள் மிரளும் விஷயம் இது. நன்மங்கலம் காடு ரத்தச் சிவப்பாகவும், ஏரி கறுப்பாகவும், குரோம்பேட்டை நீலச் சாம்பலாகவும் தெரியும். மானிட்டரில் கோளாறு இல்லை.

இந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நிற்பதில்லை. அகச்சிவப்பு ஒளியையும் தனியாகப் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு வகை ஒளியையும் ஒரு பேண்ட் என்பார்கள். சென்டினல்-2-வில் 13 பேண்ட் உண்டு. பச்சை இலை, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பியடிக்கும். தண்ணீர் அதை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு மானிட்டரில் ஏதாவது ஒரு நிறம் தர வேண்டுமே, வழக்கமாகச் சிவப்பைத் தருகிறார்கள். அதனால் செழிப்பான இலை சிவப்பு, தண்ணீர் கறுப்பு. இதற்கு ஃபால்ஸ் கலர், அதாவது பொய் நிறப் படம் என்று பெயர்.

நோய் பிடித்த இலை அகச்சிவப்பைக் குறைவாகத்தான் திருப்பும். நம் நாட்டுத் தொலையுணர்வின் கதையே இங்கேதான் தொடங்கியது. 1970-ல் பேராசிரியர் பிஷாரடி குழுவினர் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு ஃபிலிமில் வேர்வாடல் நோயைத் தேடினார்கள். அப்போது இந்தியாவிடம் செயற்கைக்கோளே கிடையாது. முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா 1975-ல்தான் வந்தது.

தண்ணீரைக் கண்டுபிடிக்க எளிய ஃபார்முலாவும் உண்டு. பச்சை பேண்ட் மதிப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பின் மதிப்பைக் கழித்து, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.டபிள்யு.ஐ. கிடைக்கும். விடை சைபருக்கு மேலே போனால் பொதுவாகத் தண்ணீர். நீங்கள் கால்குலேட்டரைத் தேட வேண்டாம், வெப்சைட்டே போட்டுத் தரும்.

இனி மவுஸைப் பிடியுங்கள்

பிரவுசரில் கோப்பர்நிகஸ் பிரவுசர் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். இலவசம். படத்தைப் பார்க்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை, டவுன்லோட் செய்யத்தான் லாகின் தேவை. மேப்பை நகர்த்தித் தாம்பரத்துக்கு வந்து, சென்டினல்-2-வைத் தேர்ந்தெடுங்கள். காலண்டரில் படம் இருக்கும் தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும். முதலில் ஒரு ஜனவரி இறுதித் தேதியை எடுங்கள். மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிரம்பி, வானமும் தெளிந்திருக்கும் சமயம் அது.

ட்ரூ கலர், ஃபால்ஸ் கலர், என்.டி.டபிள்யு.ஐ. என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிகள் படிக்கட்டுபோல இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் முடிவதைப் பார்க்கலாம். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி முன்னோர் அமைத்தது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே ரேடியல் ரோடு கோடு கிழித்தாற்போல் போவதும் தெரியும். அந்தச் சாலையில் தினமும் போகிறவர்கள் பலருக்கு ஏரியைக் கடக்கிறோம் என்பதே தெரியாது.

இப்போது அதே இடத்தில் ஒரு ஜூன் தேதியை எடுத்து ஒப்பிடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு, நானும் அதில் விழுந்தேன். செம்பாக்கம் பக்கம் ஒரு பழைய படத்தில் ஏரி முழுவதும் சிவப்பாகத் தெரிய, தண்ணீர் வற்றிப் புல் முளைத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். நேரில் போனால் அடியில் தண்ணீர், மேலே ஆகாயத்தாமரை! செயற்கைக்கோளுக்குத் தெரிவது இலை மட்டும்தான். ஃபார்முலாவும் ஏமாந்துபோகும். பள்ளிக்கரணையின் கோரைக்கும் இதே கதி. எனவே ஒரு தேதியை மட்டும் நம்பாமல், நாலைந்து தேதிகளையாவது பாருங்கள். உயரமான அடுக்குமாடிகளின் நிழலும் சில சமயம் தண்ணீர் என்று கணக்காகிவிடும்.

சென்டினல்-2-வின் படங்கள் 2015-லிருந்துதான் கிடைக்கும். அதற்கும் முந்தைய காலத்தைப் பார்க்க கூகுள் எர்த் ப்ரோவை நிறுவி, மேலே உள்ள கடிகார ஐகானைச் சொடுக்குங்கள். வரும் ஸ்லைடரை இடதுபுறம் இழுக்க இழுக்க, வீடுகள் மறைந்து வயலும் வாய்க்காலும் திரும்பி வரும். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் லேண்ட்சாட் இருக்கிறது. அதன் படத் தொகுப்பு 2008-லிருந்து அனைவருக்கும் இலவசம். நம் இஸ்ரோவின் புவன் தளத்தையும் (2009-ல் தொடங்கியது) திறந்து பாருங்கள், நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் அதில் உண்டு.

மேகம் மூடினால்?

நண்பரின் கேள்விக்கு வருவோம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருக்களில் படகு ஓடியது. அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு எந்தக் கேமரா செயற்கைக்கோள் மேலே வந்திருந்தாலும் வெறும் வெள்ளை மேகத்தைத்தான் எடுத்திருக்கும். மேகம் விலகி அடுத்த நல்ல படம் கிடைப்பதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நமக்கு மிகவும் தேவைப்படும் நாளில் இவை குருடு.

இதற்குத்தான் ரேடார் செயற்கைக்கோள்கள். இவை சூரிய ஒளிக்குக் காத்திராமல், தாமே நுண்ணலையை அனுப்பி எதிரொலியை வாங்குகின்றன. மேகமும் இரவும் தடையில்லை. 2012-ல் ஏவப்பட்ட ரிசாட்-1, 2014-ல் போன சென்டினல்-1ஏ இரண்டும் அந்த வெள்ளத்தின்போது விண்ணில் இருந்தவை. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அமைதியான தண்ணீர்ப் பரப்பு கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால், ரேடார் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் இது அருமையாக வேலை செய்யும். வீடுகள் நெருங்கிய தெருவிலோ தண்ணீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பி, வெள்ளம் நின்ற இடமே கூடுதல் வெளிச்சமாகக் காட்டலாம். அதனால் "படத்தில் கறுப்பு இல்லை, எனவே வெள்ளம் வரவில்லை" என்று ஊர் நடுவில் உள்ள வீட்டுக்குச் சொல்வது தப்பு.

ஆக, "தண்ணி நின்னுச்சா?" என்பதைவிட "இது முன்னால் என்னவாக இருந்தது?" என்று கேட்டால் செயற்கைக்கோள் நல்ல பதில் தரும். நண்பரின் மனைக்கு ஸ்லைடரைப் பின்னால் இழுத்தபோது, மனையின் வடக்கு ஓரத்தில் வளைந்து போகும் ஒரு கருமையான கோடு தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அது மெலிந்து, பிறகு அதன்மேல் செம்மண் ரோடு வந்துவிட்டது. ஓடைதானா, வண்டிப் பாதையா? படம் சொல்லாது. படத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்கும் போக முடியாது, அது பத்திரம் இல்லை. சர்வே எண்ணைத் தமிழக அரசின் நில ஆவண வெப்சைட்டில் கொடுத்து, பட்டாவையும் அ-பதிவேட்டு விவரத்தையும் பார்க்க வேண்டும். பக்கத்து சர்வே எண்களையும் விடாமல் பாருங்கள், "ஓடை", "வாய்க்கால்", "ஏரி" என்ற சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நண்பர் பார்த்தார். பக்கத்து எண்ணில் "ஓடை புறம்போக்கு" என்று இருந்தது. விற்பவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய காலத்து ரிக்கார்டு சார்" என்று பதில் வந்ததாம். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. மழை முடிந்து ஜனவரி படம் வரட்டும் என்று காத்திருக்கிறார்.