முன்பேர விலை ஆருடமா?

கேள்வி: தடா அருகே ஸ்ரீசிட்டியில் முதுகலை நிலையில் பன்னாட்டு நிதி மேலாண்மை படித்தால் பயனுண்டா?

பதில்: உண்டு. 1970இல் சென்னையில் பிறந்த ஐஎஃப்எம்ஆர் என்ற நிதி மேலாண்மைக் கல்வி நிறுவனம் இப்போது அங்கே கிரியா பல்கலைக்கழகத்தின் வணிகப்பள்ளி. அக்கம்பக்கத்தில் இசுசு, டைகின் ஆலைகள், பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிய உதிரிபாகத்துக்கு 3 மாதம் கழித்து யென்னில் பணம் கட்டவேண்டிய ஓர் ஆலை, வங்கியோடு இன்றே முன்பேர ஒப்பந்தம் போட்டு யென்னின் விலையை உறுதிசெய்துகொள்ளலாம். அந்த விலை இன்றைய விலையைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, யென் ஏறும் என்று வங்கி ஆருடம் சொல்வதாகப் பட்டதாரிகள்கூட நினைக்கிறார்கள். அப்படியல்ல, நம் வட்டி ஜப்பானிய வட்டியைவிட அதிகம், அந்த வித்தியாசமே அங்கே விலையாகிறது. இதையெல்லாம் கணினியே போட்டுவிடாதா என்பீர்கள். விலையைப் போடும். கட்டவேண்டிய தொகையில் எவ்வளவுக்கு இப்படிக் காப்பு எடுப்பது என்பதை ஆலையின் லாப வரம்பு தெரிந்த ஆள்தான் தீர்மானிக்கவேண்டும். தவறினால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.