இயற்பியல் கற்பித்தல் முறைகள்: ஓர் ஒப்பாய்வு

ஒரு கற்பித்தல் முறை மற்றொன்றினும் சிறந்தது என்பதை எதைக் கொண்டு அறிவது? தேர்வில் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டு என்பதே வழக்கமான விடையாகும். ஆயின் இயற்பியலைப் பொறுத்தவரை அம்மதிப்பெண்ணே ஐயத்திற்கு இடமாயிற்று. அவ்வையம் எழுந்த வகையையும், அதன் பயனாக உயர்நிலைப் பள்ளியில் மூன்று முறைகள் ஒப்பிடப்பெற்ற வகையையும் ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டீன்ஸ் ஆகிய இருவரும் இயந்திரவியலில் ஒரு தேர்வை வகுத்து 1985இல் வெளியிட்டனர். அதன் வழிவந்ததே 1992இல் வெளியான 'விசைக் கருத்து வினாத்தொகுப்பு'. இவ்வகைத் தேர்வில் எண்களைப் பெருக்கி வகுக்கும் வேலையில்லை. மேல்நோக்கி எறியப்பட்ட பந்தின்மீது, அது கையை விட்டு நீங்கிய பின்னர், எவ்வெவ் விசைகள் செயற்படுகின்றன? காற்றின் தடையை ஒதுக்கி நோக்கின் புவியீர்ப்பு விசை ஒன்றே. மாணாக்கர் பலரோ, எறிந்த கையின் விசை பந்தினுள் தங்கியிருந்து மெல்லக் குறைகிறது என்பர். லாரியும் காரும் மோதினால் லாரி தரும் விசையே பெரிது என்பர். உண்மையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தரும் விசை சமமே. தேர்வில் கொடுக்கப்பட்டுள்ள தவறான விடைகள் மாணாக்கரிடம் இயல்பாக வழங்கும் இத்தகைய எண்ணங்களைத் தழுவியவை. கணக்குகளைத் தடையின்றிச் செய்த மாணாக்கர் பலர் இவ்வெளிய வினாக்களில் இடறினர்.

மால்கம் வெல்ஸ் என்பார் அரிசோனாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். விரிவுரையை நம்பாது, ஆய்வுக்கூடச் செயல்களின் வழியே கற்பித்தவர். தம் மாணாக்கருக்கு இத்தேர்வை வைத்தபோது கிடைத்த விளைவு அவரைத் திகைக்க வைத்தது. கைகள் இயங்கின, கருத்து மாறவில்லை! எனவே ஹெஸ்டீன்ஸுடன் இணைந்து 'மாதிரியமைப்பு முறை'யை உருவாக்கினார். இதிலும் சோதனை உண்டு. ஆனால் சோதனை முடிந்ததும் மாணாக்கர் சிறு குழுக்களாக அமர்ந்து, தாம் கண்டதை வெண்பலகையில் படமாகவும் வரைபடமாகவும் சமன்பாடாகவும் எழுதி, வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டும், பிறர் வினவுவர். ஆசிரியர் விடை கூறாது, வினாவை மட்டும் கூர்மையாக்குவார்.

இம்முறை வகுப்பு, பழைய செயல்வழி வகுப்பு, வழக்கமான விரிவுரை வகுப்பு ஆகிய மூன்றையும் தம் முனைவர் பட்ட ஆய்வில் (1987) அவர் ஒப்பிட்டார். விரிவுரை வகுப்பைச் செயல்வழி வகுப்பு விஞ்சியது. அதனையும் மாதிரியமைப்பு வகுப்பு விஞ்சியது. முதல் செய்தி பலரும் எதிர்பார்ப்பதே. இரண்டாவதே நம் சிந்தனைக்குரியது. ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு அது தக்க மறுமொழி எனலாம்.

1998இல் ஹேக் என்பார் 62 பாட வகுப்புகளைச் சார்ந்த 6,542 மாணாக்கரின் விளைவுகளைத் தொகுத்தார். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் மூன்றும் அதில் அடங்கும். அவர் கையாண்ட அளவுகோல் நேர்மையானது. முன்தேர்வில் 40 விழுக்காடு பெற்ற வகுப்பு பின்தேர்வில் 55 பெறின், பெறக்கூடிய 60இல் 15 பெற்றது. எனவே வளர்ச்சி 0.25. வழக்கமான வகுப்புகளின் சராசரி வளர்ச்சி 0.23, மாணாக்கர் கலந்துரையாடிக் கற்ற வகுப்புகளில் 0.48. இவ்விளைவுகள் பெரும்பாலும் ஆசிரியர்கள் தாமே முன்வந்து அனுப்பியவை. ஆதலின் ஆர்வமுடைய ஆசிரியரின் திறமும் அவ்வெண்ணில் கலந்திருக்கலாம் என்பதை மறத்தல் கூடாது.

மாணாக்கர் தம் சொல்லில் விளக்க வேண்டும் என்னும்போது, மொழியும் உள்ளே வந்துவிடுகிறது. கடையில் 'எடை' கேட்டுக் கிலோகிராமில் விடை பெறுகிறோம். பாடநூலிலோ எடை ஒரு விசை, அதன் அலகு நியூட்டன்; கிலோகிராம் 'நிறை'க்கு உரியது. ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருப்பதை மாணாக்கர் வாய்திறந்து பேசினாலன்றி ஆசிரியர் அறிய வழியில்லை.

அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் இது கைகூடுமா? மாதிரியமைப்பு முறை நேரத்தை மிகுதியாகக் கேட்பது. பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்னும் கவலை நியாயமானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மசூர் 1991 முதல் கையாண்ட வழி எளியது. ஒரு கருத்து வினா. ஒவ்வொருவரும் தனித்து விடை தெரிவித்தல். அருகிருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் கூறி வாதிடுதல். மீண்டும் விடை தெரிவித்தல். சில நிமிடங்களே ஆகும். பந்து வினாவையோ லாரி வினாவையோ கரும்பலகையில் எழுதி, கை உயர்த்தச் சொல்லி, நாளையே தொடங்கலாம்.